வேலியில்லா வயல்கள்: லாக்ஸ்டன் கிராமத்தின் வரலாறு
பகுதி 4: வரைபடமும் வயல் மன்றமும்

நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே, மழை பெய்தால் காலைப் பற்றிக்கொண்டு விடாத கனத்த களிமண் நிலத்தில் அமைந்தது லாக்ஸ்டன். நார்மன் படையெடுப்புக்கு முன் டோக்கி என்பவரிடம் இருந்த அந்நிலம், 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேட்டில் ஜெஃப்ரி ஆல்செலின் என்ற நார்மன் பிரபுவின் பெயரில் பதிவானதையும், ஊருக்கு வடக்கே மண்மேடு எழுப்பிக் கோட்டை கட்டப்பட்டதையும், அங்கிருந்து அரச காடுகளைக் காத்த எவரிங்ஹாம் குடும்பம் பின்னர் அப்பதவியை இழந்ததையும் முந்தைய பகுதிகள் விவரித்தன. அவை பெரும்பாலும் பிரபுக்களின் வரலாறாகவே இருந்தன. மத்தியகால ஆவணங்கள் அவர்களைப் பற்றியே அதிகம் பேசுகின்றன என்பதே அதற்குக் காரணம். லாக்ஸ்டனில் உழுதவர்கள் யார், அவர்கள் எந்த நிலத்தை எவ்வாறு உழுதார்கள் என்பது முழுமையாகத் துலங்குவது 1635ஆம் ஆண்டில்தான்.

அந்தத் தெளிவை உண்டாக்கியவர் ஊரார் அல்லர். லண்டன் வணிகர் ஒருவர். சர் வில்லியம் கோர்ட்டீன், ஸ்பானிய ஆட்சியின் சமயக் கொடுமைக்குத் தப்பி ஃபிளாண்டர்ஸிலிருந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்த புராட்டஸ்டண்ட் பெற்றோரின் மகன். பட்டு, லினன் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய அவர், முதலாம் ஜேம்ஸ், முதலாம் சார்லஸ் ஆகிய இரு மன்னர்களுக்கும் கடன் கொடுத்தார். 1627இல் பார்படோஸ் தீவில் ஆங்கிலக் குடியேற்றம் தொடங்கியதற்குப் பின்னால் அவருடைய பணமே இருந்தது. 1635இன் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையைப் புறக்கணித்து, இந்தியாவோடும் சீனாவோடும் வணிகம் செய்ய மன்னர் அளித்த அனுமதியைப் பெற்றதும் அவருடைய கூட்டமைப்புதான். அதன் கப்பல்கள் ஜான் வெட்டெல் தலைமையில் 1636இல் புறப்பட்டு, கோவாவை அடைந்து, மேற்குக் கடற்கரையில் பட்கலிலும் ஒரு பண்டகசாலை அமைக்க முனைந்தன. இத்தகைய மனிதர், மன்னரின் நெருங்கிய தோழரான பக்கிங்ஹாம் கோமகன் வசம் சிறிது காலம் இருந்த லாக்ஸ்டன் நிலத்தை 1620களில் வாங்கினார். கடல்கடந்த வணிகத்தில் ஒவ்வொரு சரக்குப் பொதிக்கும் கணக்குப் பார்த்துப் பழகிய அவர், தாம் வாங்கிய கிராமத்துக்கும் அதேபோன்ற கணக்கைக் கேட்டதில் வியப்பில்லை.

அக்கணக்கை எடுத்தவர் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர். அவர் 1635இல் தயாரித்தவை இரண்டு. ஒன்று, 'டெரியர்' எனப்படும் நிலப்பதிவேடு; எந்தத் துண்டு யாருடைய அனுபவத்தில் உள்ளது, அது வயலா, புல்வெளியா, வீட்டுமனையா, அதன் பரப்பு எவ்வளவு என்பவற்றைத் துண்டு துண்டாக எழுதிவைக்கும் ஏடு அது. மற்றொன்று, அப்பதிவேட்டோடு சேர்த்துப் படிக்கத்தக்க பெரிய வண்ண வரைபடம். இப்போது ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ள அவ்வரைபடத்தில் லாக்ஸ்டனின் வயல்கள் ஆயிரக்கணக்கான மெல்லிய கீற்றுகளாகப் பிரிந்து, நெய்த துணியின் இழைகள்போல அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அவற்றினூடே ஏரோட்டுபவர்களையும் கதிர் அறுப்பவர்களையும், ஓரத்தில் வேட்டைக்குச் செல்வோரையும் பியர்ஸ் சிறு உருவங்களாகத் தீட்டியிருக்கிறார். உடைமையாளருக்குப் பயன்படும் அளவை ஆவணத்தில் உழவர்களின் உருவங்களுக்குத் தேவையே இல்லை. எனினும் அவர் வரைந்துவைத்தார். அரசர்களும் பிரபுக்களும் கல்லில் செதுக்கி வைக்கப்பட்ட காலத்தில், ஒரு கிராமத்தின் உழவர்கள் தங்கள் வயலிலேயே தங்கள் வேலையோடு பதிவாகியிருப்பது அரிய பேறு. கோர்ட்டீன் 1636இல் இறந்தார். கிழக்குத்திசை வணிகத்தின் சுமையில் அவருடைய மகன் நொடித்துப்போனார். 1640ஐ ஒட்டி லாக்ஸ்டன் நிலம் கிங்ஸ்டன் பிரபுவான ராபர்ட் பியர்பாண்ட் கைக்கு மாறியது. வணிகரின் செல்வம் கரைந்தது, அவர் கேட்ட கணக்கு மட்டும் நிலைத்தது.

வரைபடம் முதலில் காட்டுவது ஊரின் வடிவத்தை. நீண்ட ஒரே தெரு. நடுவே தூய மிக்கேல் அதிதூதர் ஆலயம். தெருவின் இருபுறமும் பக்கச்சுவர் தெருவை நோக்க அமைந்த பண்ணை வீடுகள். வீட்டுக்குப் பின்னால் களஞ்சியமும் தொழுவமும் தோட்டமும் அடங்கிய நீண்ட மனை. 'டாஃப்ட்' எனப்படும் இம்மனைகள் வெறும் குடியிருப்புகள் அல்ல. பொதுநிலத்தில் கால்நடை மேய்க்கும் உரிமை, பல இடங்களில், ஆளோடு அல்லாமல் மனையோடு சேர்ந்தே வந்தது. இன்றைய இங்கிலாந்தின் பிற பகுதிகளில் பண்ணை வீடு தன் வயல்களின் நடுவே தனித்து நிற்பதைக் காணலாம். லாக்ஸ்டனிலோ உழவர்கள் அனைவரும் ஊருக்குள் நெருங்கி வாழ்ந்து, காலையில் வயலுக்குச் சென்று மாலையில் திரும்பினர். ஒருவருடைய நிலம் ஓரிடத்தில் இல்லாமல் ஊரைச் சுற்றிலும் சிதறிக் கிடந்தபோது, எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் இருந்த இடம் ஊர்த்தெரு ஒன்றே.

ஊரைச் சூழ்ந்த விளைநிலம் மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்ற மூன்று பெருவயல்களாகவும், மேற்கு வயலோடு சேர்த்துப் பயிரிடப்பட்ட சிறிய கிழக்கு வயலாகவும் பிரிந்திருந்தது. பெருவயல் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்புள்ளது. அவற்றுக்குள் வேலியோ புதர்வரிசையோ சுவரோ கிடையாது. இதையே 'திறந்தவெளி வயல் முறை' என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஓராண்டு ஒரு பெருவயலில் இலையுதிர்காலத்தில் கோதுமை விதைக்கப்படும். இரண்டாவதில் வசந்தகாலத்தில் பார்லி, ஓட்ஸ், பட்டாணி, மொச்சை போன்றவை இடம்பெறும். மூன்றாவது தரிசாக விடப்பட்டு, களை ஒழிய உழப்பட்டு, ஊராரின் ஆடுமாடுகளின் எருவால் உரம் பெறும். மறு ஆண்டு தரிசு கோதுமைக்கும், கோதுமை நிலம் வசந்தப் பயிருக்கும், வசந்தப் பயிர் நிலம் தரிசுக்கும் மாறும். எந்த ஆண்டு எந்த வயலில் எந்த வகைப் பயிர் என்பதைத் தனி உழவர் தீர்மானிக்க முடியாது. அண்டைக்காரர் அறுவடை முடித்துத் தாளடியில் ஆடுகளை விடும் வேளையில் ஒருவருடைய கீற்றில் மட்டும் பயிர் பச்சையாக நின்றால், அதைக் காக்க வேலி ஏது?

'ஸ்ட்ரிப்' எனப்படும் கீற்றின் அளவு தற்செயலாக அமைந்ததன்று. கனத்த களிமண்ணில் பல காளைகளோ குதிரைகளோ பூட்டிய பெரிய கலப்பையை அடிக்கடி திருப்புவது கடினமான வேலை. ஆகையால் படைச்சால் எவ்வளவு நீளமாக ஓட முடியுமோ அவ்வளவு நீளமாக ஓடியது. அந்த நீளமே 'ஃபர்லாங்'. சாலின் நீளம் என்பதே அச்சொல்லின் பொருள். 220 கெஜ நீளமும் 22 கெஜ அகலமும் கொண்ட நிலம் ஓர் ஏக்கர். ஏறக்குறைய ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய பரப்பாக அது கருதப்பட்டது. ஆங்கில ஆட்சியோடு இந்தியாவுக்கு வந்து, தமிழ்நாட்டுச் சாலைக்கற்களிலும் கிராமத்துப் பேச்சிலும் நெடுங்காலம் வழங்கிய 'பர்லாங்கு' இத்தகைய களிமண் வயல்களில் ஓடிய ஏரின் தடத்திலிருந்து பிறந்ததே.

ஒரே திசையில் ஓடும் பல கீற்றுகள் சேர்ந்த தொகுதியையும் ஃபர்லாங் என்றே அழைத்தனர். மண்ணின் சரிவு மாறும் இடத்தில் சாலின் திசை மாறும், அங்கே வேறொரு தொகுதி தொடங்கும். கலப்பை மண்ணை எப்போதும் ஒரே பக்கமாகப் புரட்டியதால், கீற்றின் நடுவை நோக்கி ஆண்டுதோறும் உழுதபோது நடு உயர்ந்து, இரு ஓரங்களும் தாழ்ந்து, மழைநீர் வடியும் வாய்க்கால்களாயின. வடிகால் குழாய்கள் வராத காலத்தில் அந்தக் களிமண்ணில் பயிர் அழுகாமல் காத்தது இந்த மேடுபள்ளமே. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் புல்வெளிகளாக மாறிவிட்ட பல இடங்களில், மாலை வெயில் சாய்ந்து விழும்போது, அலையலையாக இன்றும் தெரிவது அந்தப் பழைய ஏர்களின் சுவடு.

ஓர் உழவருக்கு முப்பது ஏக்கர் இருந்தால், அது ஒரே இடத்தில் முப்பது ஏக்கராக இராது. மூன்று வயல்களிலும், பல தொகுதிகளில், அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று பரந்து கிடக்கும். பிற்காலச் சீர்திருத்தக்காரர்கள் இதை அறிவற்ற ஏற்பாடென்று பழித்தனர். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அலைவதிலேயே பாதி நாள் வீணாகிறது என்றனர். அந்தப் பழிப்பில் உண்மை உண்டு. ஆயினும் சிதறலில் ஒரு நியாயமும் இருந்தது: நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், மேடும் தண்ணீர் தேங்கும் பள்ளமும் யாருக்கும் மொத்தமாகப் போய்ச்சேரவில்லை. மழை மிகுந்த ஆண்டில் பள்ளத்துக் கீற்று போனாலும் மேட்டுக் கீற்று கைகொடுத்தது. மூன்று வயல்களிலும் நிலமுள்ளவருக்கே மூவாண்டுச் சுழற்சியில் ஆண்டுதோறும் விளைச்சல் கிடைக்கும் என்பதால், நிலத்தைப் பரப்பி வைப்பது இம்முறையின் உயிர்நாடியாகவும் ஆயிற்று.

வயல்களுக்கிடையே தாழ்வான, ஈரமான, உழ இயலாத ஓடைக்கரைகளில் புல் வளர விடப்பட்டது. இப்புல் நிலங்களை லாக்ஸ்டனில் 'சைக்' என்று அழைப்பர், அது பொதுவுடைமை. அதன் புல்லை ஆண்டுதோறும் உரிமையுள்ளவர்களிடையே ஏலம் விடும் வழக்கம் ஊரில் நிலைத்தது. சைக்கின் ஓரத்தில் கீற்றுள்ள உழவர் ஒருவர் ஒவ்வோர் உழவிலும் ஒரு சால் கூடுதலாக உழுதுகொண்டே போனால், பத்தாண்டில் பொதுப்புல்வெளியின் ஒரு பகுதி அவருடைய கோதுமை நிலமாகிவிடும். அதுபோலவே அண்டைக் கீற்றையும், வண்டிப்பாதையையும் சிறிது சிறிதாக விழுங்கலாம். வரப்பைச் சுரண்டும் ஆசையை அறியாத உழவர் நாடு உலகில் இல்லை. அதைத் தடுக்க லாக்ஸ்டன் கண்ட வழியே வயல் மன்றம்.

இம்மன்றத்தின் பெயர் 'கோர்ட் லீட்'. மத்தியகால இங்கிலாந்தில் 'மேனர்' எனப்பட்ட ஒவ்வொரு பிரபுவின் ஆட்சிப்பகுதியிலும் அங்கே வாழ்வோரின் சிறு வழக்குகளையும் பொது ஒழுங்கையும் கவனிக்க இத்தகைய மன்றங்கள் இருந்தன; பிரபுவின் சார்பில் 'ஸ்டூவர்டு' எனப்படும் அதிகாரி தலைமை வகிப்பார், தீர்ப்புக்கு அடிப்படையான முறையீட்டை ஊராரிலிருந்தே தேர்ந்த ஜூரி வைக்கும். லாக்ஸ்டனில் ஜூரி பன்னிரண்டு பேர் கொண்டது, அவர்களும் உழவர்களே. நவம்பர் இறுதியில், கோதுமை விதைப்பு முடிந்த பின், அவ்வாண்டு கோதுமைக்குரிய வயலை அவர்கள் கூட்டமாக நடந்து பார்ப்பார்கள். ஈரக் களிமண் காலணியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும் பருவம் அது. இரு கீற்றுகளுக்கு நடுவே எல்லை எது என்ற ஐயம் வரும் இடத்தில், ஒருவர் ஒரு முனையில் நின்று, மறுமுனையில் உள்ள அடையாளத்தைக் கண்ணால் நேர்கோட்டில் பிடித்துச் சொல்ல, இன்னொருவர் புதிதாகச் சீவிய மரமுளையை அந்த இடத்தில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்குவார். அந்த முளையே வரப்பு, அதுவே வேலி, அடுத்த மூன்றாண்டுக்கு அதுவே சாட்சி. சைக்கின் ஓரம் உழப்பட்டிருக்கிறதா, பாதையின் அகலம் குறைந்திருக்கிறதா, வடிகால் தூர்ந்திருக்கிறதா என்று பார்த்து, தவறியவர் பெயரையும் தவற்றையும் குறித்துக்கொள்வார்கள். நடந்து முடித்ததும் ஊர்த்தெருவில் உள்ள டவ்காட் விடுதியில் பகலுணவு.

ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அதே விடுதியில் மன்றம் கூடும். மேனருக்குள் நிலம் உள்ளவர்கள் மன்றத்துக்கு வரக் கடமைப்பட்டவர்கள். வராதவர் சில பென்ஸ் செலுத்த வேண்டும். ஜூரியின் குறிப்புகள் படிக்கப்பட்டு அபராதங்கள் விதிக்கப்படும். அடுத்த ஜூரி உறுதிமொழி ஏற்கும். தவறித் திரியும் கால்நடைகளைப் பிடித்து ஊர்ப் பட்டியில் அடைக்கும் 'பிண்டர்' போன்ற பணியாளர்களின் நியமனமும் இம்மன்றத்தைச் சார்ந்தது. அந்தப் பட்டி இன்றும் ஊரில் உண்டு. அபராதத் தொகை சிறிது. தன்னைப் போன்றே உழுது வாழும் பன்னிரண்டு அண்டைக்காரர்கள் தன் கீற்றின் ஓரத்தில் நின்று, கூடுதலாக உழுத சாலைச் சுட்டிக்காட்டுவது சிறிதன்று. இம்மன்றத்தின் வலிமை அங்கேதான் இருந்திருக்க வேண்டும். குற்றம் காணும் இடத்தில் இந்த ஆண்டு நிற்பவர், அடுத்த முறை குற்றம் காணப்படும் இடத்தில் நிற்கக்கூடும் என்பதையும் அனைவரும் அறிந்திருந்தனர்.

இவ்வாறு வாழ்ந்த கிராமம் லாக்ஸ்டன் மட்டுமன்று. மத்திய இங்கிலாந்தின் பெரும்பகுதி இவ்வாறே வாழ்ந்தது. அதைக் கலைத்தது 'என்குளோஷர்' எனப்படும் வேலியடைப்பு. சிதறிய கீற்றுகளையும் பொதுநிலங்களையும் ஒன்றுதிரட்டி, உரிமையாளர்களுக்குத் தனித்தனித் துண்டுகளாகப் பங்கிட்டு, வேலியிட்டு, பொதுமேய்ச்சல் உரிமைகளை ஒழிப்பதே அதன் சாரம். 1604 முதல் 1914 வரை இதற்காக 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றியது. அவற்றின்கீழ் அடைபட்ட நிலம் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. புதிய பயிர்ச் சுழற்சிக்கும் கால்நடை இனப்பெருக்கத்துக்கும் இது வழிவகுத்தது என்பதை மறுக்க இயலாது. வாரமும் குத்தகையும் உயர்ந்ததால் நிலவுடைமையாளர் பெருநன்மை அடைந்தனர் என்பதையும் மறுக்க இயலாது. ஒரு பசுவையும் சில வாத்துகளையும் பொதுநிலத்தில் மேய்த்து, அங்கேயே விறகு பொறுக்கி வாழ்ந்த குடிசைவாசி, பத்திரம் எதுவும் இல்லாத தன் உரிமையை நிலத்தைப் பங்கிட்ட எந்த ஆணையர் முன்பும் நிறுவ முடியாமல் கூலியாளாக மாறினார். நார்தாம்ப்டன்ஷயர் எல்லையில் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் பிறந்த உழவுக் கூலியாளான கவிஞர் ஜான் கிளேர், தம் ஊரின் அடைப்பைக் கண்ணால் கண்டு அந்த இழப்பை வாழ்நாள் முழுதும் எழுதினார். கவிஞர் இல்லாத ஊர்களின் இழப்பு கணக்கில் ஏறவில்லை.

லாக்ஸ்டன் தப்பியதற்குக் காரணம் பழமைப் பற்று என்று எண்ணினால் அது தவறாகும். கிங்ஸ்டன் கோமகன்களுக்கும், அவர்கள் வழிவந்த மேன்வர்ஸ் பிரபுக்களுக்கும் ஊரில் பெரும்பகுதி நிலம் இருந்தாலும், ரஃபோர்டைச் சேர்ந்த ஸ்கார்பரோ பிரபுக்களுக்கும் கணிசமான நிலம் அங்கே கலந்து கிடந்தது. சிறு உரிமையாளர்களும் இருந்தனர். இரு பெரும் உடைமையாளர்களும் நிலத்தை எவ்வாறு மாற்றிக்கொள்வது என்பதில் பல தலைமுறைகளாக உடன்பாடு காணவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சிக்கல் தீர்ந்தபோது வேலியடைப்பின் உற்சாகம் நாட்டில் தணிந்துவிட்டது. அதன்பின் வேளாண்மையில் விலைவீழ்ச்சி வந்தது. வேலி, வடிகால், பாதை, புதிய பண்ணை வீடுகள் ஆகியவற்றுக்கான பெருஞ்செலவைச் செய்ய எந்த உடைமையாளருக்கும் மனம் வரவில்லை. பிரபுக்களின் தகராறு வயலைக் காத்தது என்பது பாதி உண்மை. அந்த நீண்ட தாமதத்தில் ஆண்டுதோறும் நவம்பரில் வயலுக்குள் இறங்கி முளையடித்துக்கொண்டிருந்த ஜூரி அதன் மறுபாதி. மன்றம் ஓய்ந்திருந்தால், இருபது ஆண்டுகளுக்குள் காக்கத்தக்க வயல் எதுவும் எஞ்சியிராது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் பண்ணை நிர்வாகம் சிறு கீற்றுகளை இணைத்து எண்ணிக்கையைக் குறைத்து, அளவைப் பெருக்கியது. கிழக்கு வயல் அடைக்கப்பட்டது. பிற வயல்களின் ஓரங்களும் சுருங்கின. எஞ்சிய மூன்று வயல்களின் திறந்தவெளிப் பரப்பு இன்று 500 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஆக்ஸ்போர்டில் வேளாண் பொருளியல் ஆய்வு நிறுவனத்தை நடத்திவந்த சி. எஸ். ஆர்வினும் அவருடைய மனைவியும் 1938இல் லாக்ஸ்டனை முதன்மையாக வைத்து 'திறந்தவெளி வயல்கள்' பற்றிய நூலை வெளியிட்டனர். ஏரைக் கையாளும் முறையிலிருந்து வயலின் வடிவத்தை விளக்கியதே அந்நூலின் தனிச்சிறப்பு. சட்டமும் சமூக அமைப்பும் பேசிக்கொண்டிருந்த அறிஞர்களுக்கு மண்ணையும் கலப்பையையும் அவர்கள் நினைவூட்டினர். டெவன் மாவட்டத்தின் பிரான்டனிலும் லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் தீவிலும் கீற்றுநிலங்கள் எஞ்சியிருப்பினும், மூவாண்டுச் சுழற்சியும் அதைக் காக்கும் மன்றமும் சேர்ந்து இயங்குவது லாக்ஸ்டனில்தான்.

அந்நூல் தந்த கவனம் வீண்போகவில்லை. 1952இல் ஆறாவது மேன்வர்ஸ் பிரபு நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றபோது, பழைய முறையைத் தொடர்வதே நோக்கமாக இருந்தது. 1977இல் நீதி நிர்வாகச் சட்டம் இங்கிலாந்தின் பழைய மேனர் மன்றங்களிடம் எஞ்சியிருந்த வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை நீக்கியபோதும் லாக்ஸ்டன் மன்றத்தின் அதிகாரத்தை விட்டுவைத்தது. 1981இல் நிலம் அரச உடைமை ஆணையத்தின் பொறுப்புக்கு வந்தது. அது விற்க முன்வந்தபோது ஊரில் கவலை எழுந்தது. 2020இல் மேன்வர்ஸ் பிரபுக்களின் வழித்தோன்றல்களுக்குரிய தோர்ஸ்பி பண்ணை அதை வாங்கிக்கொண்டது. டிராக்டர்கள் ஓடும் வயலில் தரிசு ஆண்டு இப்போது தீவனப் புல்லின் ஆண்டாகிவிட்டது. கோதுமை முளைத்து வரும் நவம்பரில் ஜூரியினர் இன்றும் முளைகளோடும் சுத்தியலோடும் வயலுக்குள் இறங்குகின்றனர்.